நூறு நாணயங்கள், ஐந்நூறு ரூபாய், கட்டணம் எவ்வளவு?

ஐந்நூறு ரூபாய்த் தாளை வங்கியில் கொடுத்து, அதற்கு நூறு ஐந்து ரூபாய் நாணயங்கள் கேட்டால் வங்கி எவ்வளவு கட்டணம் பிடிக்கும்? இந்தக் கேள்வியை உங்கள் வகுப்பில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். என் எட்டாம் வகுப்பில் ஐந்து ரூபாயில் தொடங்கி ஐம்பது ரூபாய் வரை விடை வந்தது. "ஜிஎஸ்டி தனி சார்" என்று ஒரு மாணவன் சேர்த்துக்கொண்டான். வங்கிக்குப் போனால் ஏதாவது பிடித்துக்கொள்வார்கள் என்பது பிள்ளைகள் வீட்டில் கேட்டு வளர்ந்த பேச்சு.

ஒன்றும் பிடிக்க மாட்டார்கள் என்பதுதான் விடை. நாணயங்களை அச்சடிப்பது மத்திய அரசின் நாணயச்சாலைகள். அவற்றை நாடு முழுவதும் கொண்டு சேர்ப்பது ரிசர்வ் வங்கி. வங்கிக் கிளைகள் பொதுமக்கள் கேட்டால் நாணயம் கொடுக்க வேண்டும். பொதுமக்கள் கொண்டுவரும் நாணயங்களை வாங்கிக்கொள்ளவும் வேண்டும். எண்ணுவது, சுமப்பது, அடுக்குவது என்று நாணயத்தில் வேலை அதிகம் என்பதால் கிளைகள் சுணங்கிவிடாமலிருக்க, கவுன்ட்டர் வழியாக விநியோகிக்கும் ஒவ்வொரு நாணய மூட்டைக்கும் ரிசர்வ் வங்கியே அந்த வங்கிக்கு ஊக்கத்தொகை கொடுக்கிறது. மூட்டைக்கு 25 ரூபாயாக இருந்த இத்தொகை 2021 செப்டம்பர் 1 முதல் 65 ரூபாயாக உயர்ந்தது. கிராமப்புற, சிறுநகரக் கிளைகளுக்கு மூட்டைக்கு மேலும் 10 ரூபாய் உண்டு. நாம் சில்லறை வாங்கினால் செலவு நமக்கில்லை, வரவு வங்கிக்கு. பெட்டிக்கடையில் மீதிச் சில்லறைக்குப் பதில் மிட்டாயை நீட்டும்போது இந்தச் செய்தி எனக்கு நினைவுக்கு வருவதுண்டு.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே நாணயங்களைக் காகிதத்தில் உருளை உருளையாகச் சுற்றி வைத்திருப்பார்கள். கால் டாலர் என்றால் ஓர் உருளைக்கு 40 நாணயம், பத்து டாலர். ஒரு சென்ட் என்றால் 50 நாணயம், அரை டாலர். இந்த உருளைகளை வங்கியில் வாங்கி, வீட்டில் பிரித்து, ஒவ்வொரு நாணயமாகப் புரட்டிப் பார்ப்பது அங்கு பலருக்குப் பொழுதுபோக்கு. காரணம் எளிது. 1964 வரை அங்கே அச்சான பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் நாணயங்களில் 90 சதவீதம் வெள்ளி. அவற்றில் ஒன்று எப்போதாவது உருளைக்குள் தப்பி வந்தால் அதன் வெள்ளி மதிப்பே முகமதிப்பைப் போலப் பல மடங்கு. ஆட்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் போய், மறுவாரம் மூட்டையாகத் திருப்பிக் கொண்டுவந்ததில் வங்கிகள் சலித்துப்போயின. சில வங்கிகள் உருளைக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தன. சில, கணக்கு இல்லாதவருக்குக் கொடுப்பதில்லை என்றன. தேடுகிறவர்களும் ஒரு வங்கியில் வாங்கி வேறு வங்கியில் கட்டும் வழக்கத்துக்கு மாறினார்கள். வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கட்டினால், தான் ஏற்கெனவே தேடி முடித்த நாணயமே மறுபடி தன் கைக்கு வரும் என்பது அவர்கள் கணக்கு.

நம் நாட்டுப் புழக்க நாணயத்தில் வெள்ளி கிடையாது. அப்படியிருக்க இங்கே ஏன் தேட வேண்டும்? ஆசிரியர்கள் படிக்கும் இதழில் இதை எழுதக் காரணம் என்ன?

காரணம் என் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பாயி. கைப்பேசியில் ஒரு காணொளி. வைஷ்ணவி தேவி உருவம் உள்ள ஐந்து ரூபாய் நாணயம் வைத்திருப்பவர்களுக்குப் பத்து லட்சம் என்றது அது. அந்த நாணயம் அவர்கள் வீட்டு உண்டியலில் உண்மையிலேயே இருந்தது. எண்ணுக்குப் படம் அனுப்பினார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரும் முத்திரையும் போட்ட கடிதம் வந்தது. முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு பணம் கொண்டுவரும் வண்டிக்குக் காப்பீடு. மூன்றாவது தவணையும் கட்டிய பிறகு எதிர்முனையில் யாரும் எடுக்கவில்லை. போனது குருவை நடவுக் கூலியில் மிச்சம் பிடித்த ஆறாயிரத்துச் சொச்சம். அந்த அம்மா என்னிடம் சொன்னது இதுதான்: "காசு நம்ம கையிலதானே சார் இருக்கு, அத வாங்கிக்கிட்டு ஏமாத்தினாத்தானே ஏமாத்துனதா ஆகும்னு நெனச்சேன்."

இது அறியாமைப் பேச்சு அல்ல. நன்றாக யோசித்துத்தான் இறங்கியிருக்கிறார். பொருள் தன் கையைவிட்டுப் போகாதவரை இழப்பில்லை என்பது சந்தையில் ஆயிரம் முறை சரியாக வந்த விதி. இந்த மோசடியில் அவர்களுக்கு நாணயம் வேண்டியதே இல்லை, வேண்டியது கட்டணம். அதை நோட்டீஸ் ஒட்டிப் புரியவைக்க முடியாது. நாணயத்தைக் கையில் எடுத்து, அது என்ன, எங்கே பிறந்தது, எத்தனை இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளை அந்த வீட்டில் இருந்தால் முதல் அழைப்பிலேயே பேச்சு முடிந்திருக்கும். அதனால்தான் நூறு நாணயங்களை வகுப்புக்குக் கொண்டு போனேன்.

பொட்டலத்தை எப்படிக் கேட்பது

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. "நூறு ஐந்து ரூபாய் வேண்டும்" என்று மட்டும் கேட்டால் நாணயச்சாலையிலிருந்து வந்த புதுப் பை கிடைத்துவிடலாம். எல்லாம் பளபளவென்று, ஒரே ஆண்டு, ஒரே சாலைக் குறி. பார்க்க அழகு, தேடுவதற்கு ஒன்றும் இருக்காது. நமக்கு வேண்டியது கடைக்காரர்களும் கோயில் உண்டியல் எண்ணிக்கையும் வங்கியில் கட்டிய பழைய, கலந்த நாணயம். பள்ளிக்கூடப் பாடத்துக்கு என்று சொல்லி, கலந்த சில்லறையாகக் கேளுங்கள். நூறு நூறாகப் பாலித்தீன் பைகளில் கட்டியிருப்பார்கள். மாதத்தின் முதல் வாரத்தில், ஓய்வூதியக்காரர்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில் மட்டும் போகாதீர்கள். காசாளர் நல்லவராக இருந்தாலும் அன்று முகம் கொடுக்க மாட்டார்.

வகுப்பில் ஐந்து குழுவுக்கு இருபது இருபதாகப் பிரித்துக் கொடுத்தேன். ஒரு கைலென்ஸ், ஒரு காந்தம், ஒரு அளவுகோல். எடை பார்க்க மட்டும் மளிகைக் கடையின் மின்னணுத் தராசு.

முதல் வேலை, ஆண்டு எண்ணுக்குக் கீழே பார்ப்பது. நம் நாட்டில் நாணயச்சாலைகள் நான்கு: மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா. ஆண்டுக்குக் கீழே சாய்சதுரம் இருந்தால் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் ஹைதராபாத். சிறு புள்ளி நொய்டா. எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. இதைச் சொன்ன ஐந்தாவது நிமிடத்தில் வகுப்பு அமைதியாகிவிட்டது. பரிசோதகர் வந்த நாளில்கூட அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை. தாங்கள் நாள்தோறும் பஸ்ஸில் கொடுத்து வாங்கும் காசில் ஒரு முகவரி எழுதியிருக்கிறது என்பதே அவர்களுக்குப் புதிது. எந்தக் குறி அதிகம் வந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உங்கள் மாணவர்கள் பொட்டலத்தில் அதையே தேடுவார்கள். நேர்க்கோட்டுக் குறிகளால் நிகழ்வெண் அட்டவணை போட்டு, பட்டை வரைபடம் வரையச் சொல்லுங்கள். பாடநூலின் கற்பனைத் தரவுக்கும் கையில் கனக்கும் தரவுக்கும் உள்ள வேறுபாடு வரைபடத்தின் நேர்த்தியிலேயே தெரியும்.

நான்கிலும் அடங்காத குறிகளும் எப்போதாவது வரும். 1980-களில் சில்லறைத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தபோதும், 1990-களின் கடைசியிலும் நம் நாணயங்கள் வெளிநாடுகளில் அச்சாகிக் கப்பலில் வந்தன. 1985-ஆம் ஆண்டின் ஒரு ரூபாயில் எச் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சானது. ஐந்து ரூபாய் நாணயம் சிலவற்றில் மூன்று ரஷ்ய எழுத்துகள் இருக்கும்; மாஸ்கோவில் பிறந்தவை. கனடா, தென்கொரியா, ஸ்லோவாக்கியா, மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா என்றும் உண்டு. ஆற்றங்கரைக் கிராமத்துப் பள்ளியில் உலக வரைபடத்தைப் பிரிக்க இதைவிட நல்ல சாக்கு வேண்டியதில்லை.

இரண்டாவது வேலை காந்தம். 1992 முதல் பல ஆண்டுகள் வந்த கனமான ஐந்து ரூபாய், செம்பும் நிக்கலும் சேர்ந்த கலவை. காந்தத்தில் ஒட்டாது. 2007-ஐ ஒட்டி வந்த வெள்ளை நிற மெல்லிய ஐந்து ரூபாய் துருப்பிடிக்காத எஃகு. ஒட்டும். 2009-க்குப் பிறகு வந்த மஞ்சள் நாணயம் நிக்கல் பித்தளை. ஒட்டாது. இங்கே பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்க வேண்டும்: நிக்கல் காந்தத்தில் ஒட்டும் உலோகம் என்று பாடத்தில் இருக்கிறதே, நிக்கல் கலந்த நாணயம் ஏன் ஒட்டவில்லை? அந்த நாணயத்தில் நான்கில் மூன்று பங்கு செம்பு. அவ்வளவு செம்பு கலந்தபின் நிக்கலின் காந்தத்தன்மை அறை வெப்பநிலையில் வெளியே தெரிவதில்லை. கலவையின் பண்பு அதன் பகுதிகளின் பண்பாகவே இருக்க வேண்டியதில்லை என்ற பாடம் அந்த இடத்தில் தானாக நடந்துவிடும்.

மூன்றாவது எடை. கனமான பழைய ஐந்து ரூபாய் 9 கிராம். எஃகு நாணயமும் முதல் பித்தளை நாணயமும் 6 கிராம், 23 மில்லிமீட்டர் விட்டம். 2019-இல் அறிவிக்கப்பட்ட புதிய வரிசையில் ஐந்து ரூபாய் 6.74 கிராம், 25 மில்லிமீட்டர். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் தடவியே அறிந்துகொள்ளும்படி, மதிப்பு ஏற ஏற அளவும் எடையும் ஏறுமாறு அந்தப் புது வரிசையை அமைத்திருக்கிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து, இருபதை அடுக்கும் விளையாட்டை வைத்துப் பாருங்கள். உள்ளடங்கிய கல்வி பற்றி நாம் பயிற்சியில் கேட்பதை அரைமணி நேரத்தில் பிள்ளைகள் விரலால் புரிந்துகொள்வார்கள்.

எடையில் ஒரு சமன்பாடும் இருக்கிறது. அகலமான புது நாணயங்களைத் தனியே எடுத்துவிடுங்கள். மீதி 80 நாணயங்களின் எடை 504 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 9 கிராம் நாணயம் எத்தனை? எல்லாமே 6 கிராம் என்றால் 480 வரும். கூடுதல் 24. ஒவ்வொரு பழைய நாணயமும் 3 கிராம் கூட்டுகிறது. ஆகவே 8. எண்ணிப் பார்த்துச் சரிபார்க்கலாம். தேய்மானத்தால் ஒன்றிரண்டு கிராம் இடிக்கும். அந்த இடிப்பைப் பற்றியும் பேசலாம். ஒன்று, இரண்டு ரூபாய் நாணயங்களை எடைபோட்டே வாங்கிக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி கிளைகளுக்குச் சொல்லியிருக்கிறது. பல எடைகள் கலந்த மூட்டையில் அது எவ்வளவு தூரம் சரிவரும் என்பதை மாணவர்களே வாதாடட்டும்.

பொட்டலத்துக்குள் தஞ்சாவூர்

நினைவு நாணயங்கள் வரும்போதுதான் வகுப்பு எழுந்து நிற்கும். டெல்டாக்காரர்களாகிய நமக்கு இதில் கொடுப்பினை உண்டு.

1995 ஜனவரியில் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அதையொட்டி ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய் மதிப்பில் திருவள்ளுவர் உருவத்தோடு நாணயங்கள் வந்தன. ஐந்து ரூபாய் அந்தக் கனமான வகை. அடுத்தது 2010. பெரிய கோயிலின் ஆயிரமாண்டு விழாவுக்கு, கோயிலின் உருவத்தோடு ஐந்து ரூபாய் நாணயம் புழக்கத்துக்கு வந்தது. கூடவே, புழக்கத்துக்கு அல்லாமல் சேகரிப்போருக்காக ஆயிரம் ரூபாய் மதிப்பில் ஒரு வெள்ளி நாணயமும் வெளியானது. இந்தியாவில் ஆயிரம் ரூபாய் மதிப்பில் வந்த முதல் நாணயம் தஞ்சைக் கோயிலுக்கு என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? அந்தக் கோயில் கல்வெட்டுகளிலேயே காசுக் கணக்கு இருக்கிறது. கோயில் பணத்தைச் சுற்றுவட்டார ஊர்ச் சபைகள் கடனாகப் பெற்று, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வீதம் வட்டி அளந்திருக்கின்றன. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, 12.5 சதவீதம். தனிவட்டி கற்பிக்கும் நாளுக்கு இதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் முதல் பொட்டலத்தில் கோயில் நாணயம் இல்லை. இரண்டாவதில் ஒன்று இருந்தது. எடுத்த மாணவி அதை மேசையில் வைக்காமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

நேரடியாகத் தஞ்சை என்று எழுதியிராத நாணயங்களும் நம் ஊருக்கு வழி காட்டும். 2005-இல் தண்டி யாத்திரையின் 75-ஆம் ஆண்டுக்கு ஓர் ஐந்து ரூபாய் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாக வேதாரண்யம் போன உப்பு யாத்திரைக்கு வந்துவிடலாம். யாத்திரிகர்களுக்குச் சோறு போடக் கூடாது என்ற ஆங்கிலேய ஆட்சியரின் உத்தரவையும், அதை மீறி மரத்தில் சோற்றுப் பொட்டலம் கட்டிவைத்த ஊர்களின் கதையையும் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு வரட்டும். 2010-இல் சி. சுப்பிரமணியம் நூற்றாண்டுக்கு ஓர் ஐந்து ரூபாய் உண்டு. பசுமைப் புரட்சிக் காலத்து வேளாண் அமைச்சர். 1960-61-இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் எடுத்த மாவட்டங்களில் ஒருங்கிணைந்த தஞ்சையும் ஒன்று. ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லைத் தாத்தாமார் இன்றும் பெயர் சொல்லிப் பேசுவார்கள். 2003-இல் காமராசர், 2009-இல் அண்ணா. அண்ணா நாணயத்தைக் கைலென்ஸில் காட்டுங்கள். அதில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருக்கிறது. மஞ்சள் நாணயத்தில் தமிழைப் படித்துவிட்டு ஒரு குழு போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

அப்படியானால் இதற்கு எவ்வளவு கிடைக்கும்?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. வரட்டும். பாடத்தின் மையமே இதுதான்.

புழங்கித் தேய்ந்த ஐந்து ரூபாய் நினைவு நாணயம் பொதுவாகப் பெருமளவில் அச்சாகி நாடெங்கும் சுற்றுவது. நாணயச் சேகரிப்பாளர் ஒருவர் தன் வரிசையில் இல்லாததற்கு முகமதிப்பைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம். லட்சம் கொடுக்க மாட்டார். நூறு நாணயம் உள்ள ஒரே பொட்டலத்தில், அதுவும் எதேச்சையாக எடுத்ததில், பிள்ளைகளுக்கே கிடைக்கிற ஒரு பொருள் எப்படிப் பத்து லட்சம் ஆகும்? இதை நான் சொல்லவில்லை. அட்டவணையைப் பார்த்துவிட்டு வகுப்பில் பின்வரிசை மாணவன் ஒருவன் கேட்டது. நிகழ்தகவுப் பாடத்தை அவன் இன்னும் படிக்கவில்லை.

பிறகு கட்டணங்களைக் கரும்பலகையில் இரண்டு பக்கமாக எழுதினோம். ஒரு பக்கம், உண்மையாகவே கொடுக்க வேண்டிவருபவை. ஆயிரம் ரூபாய்க் கோயில் நாணயம் போன்ற சேகரிப்பு நாணயங்களை அரசு நாணயச்சாலை முகமதிப்பைவிடக் கூடுதல் விலைக்குத்தான் விற்கும். அங்கே பணம் கொடுத்தால் நாணயம் நம் கைக்கு வரும். வங்கியில் பெருமளவு ரொக்கமோ சில்லறையோ கட்டும்போது, தங்கள் விதிப்படி சில வங்கிகள் கையாளும் கட்டணம் எடுக்கலாம். அது வங்கிக்கு வங்கி, கணக்கு வகைக்கு வகை மாறும். கட்டணப் பட்டியலைக் கேட்டுப் பார்க்கலாம். மறுபக்கம், நம் பொருளை விற்பதற்கு நாமே முன்பணம் கட்ட வேண்டும் என்று கேட்பவை. பதிவு, வரி, தரகு, காப்பீடு, எந்தப் பெயரில் வந்தாலும் சரி. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்கும் முன் "நீ முதலில் ஐயாயிரம் கட்டு, பிறகு உன் நெல்லுக்கு ஐந்து லட்சம் தருகிறோம்" என்றால் உங்கள் அப்பா கட்டுவாரா என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அந்த மாணவனும் சிரித்தான். வீட்டுக்குப் போய் அப்பாயிடம் இதே கேள்வியைக் கேட்டதாக மறுநாள் சொன்னான்.

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4 அன்று இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. பழைய நோட்டு, நாணயம் வாங்குவது விற்பதில் தனக்குத் தொடர்பே இல்லை, எந்தக் கட்டணமும் தரகும் தான் கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க எவருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்பது அதன் சாரம். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்கு, பணம் வேறு கணக்குக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. மாணவனின் அப்பாயி விஷயம் எங்கள் காதுக்கு வரும்போது மூன்று வாரம் கடந்திருந்தது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில், பெயர் எதுவும் சொல்லாமல் இந்த எண்ணையும் மேலே சொன்ன இரண்டு பக்கப் பட்டியலையும் படித்தோம். கூட்டம் முடிந்ததும் இன்னும் இரண்டு பேர் தனியாக வந்து பேசினார்கள்.

மோசடிக்கு நேர் எதிரான வேடிக்கையும் நம் ஊரில் உண்டு. ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம் கிடைக்கும் என்று நம்பும் அதே கடைத்தெருவில், பத்து ரூபாய் நாணயத்தைச் செல்லாது என்று திருப்பிக் கொடுப்பார்கள். ரூபாய்க் குறியீடு இருப்பது நல்லது, இல்லாதது கள்ளக்காசு. பத்துக் கதிர் நல்லது, பதினைந்து கதிர் கெட்டது என்று ஏகப்பட்ட கற்பனை. ரூபாய்க் குறியீடு 2010-இல்தான் ஏற்கப்பட்டது. அதை வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர். அதற்கு முந்தைய நாணயத்தில் குறியீடு எங்கிருந்து வரும்? பத்து ரூபாயில் அதுவரை 14 வடிவங்கள் வந்திருக்கின்றன, எல்லாம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17-இல் அறிவித்தது. ஐம்பது காசும் இன்றுவரை சட்டப்படி செல்லும். 25 காசும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30-ஓடு நின்றுபோயின. அதாவது நாலணா போய்விட்டது, எட்டணா இருக்கிறது.

வாங்குபவருக்கும் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நாணயங்களாக ஆயிரம் ரூபாய் வரை கொடுத்தால்தான் ஒருவர் வாங்கிக்கொள்ளக் கட்டாயம். ஐம்பது காசாகக் கொடுத்தால் பத்து ரூபாய் வரை. வீம்புக்காக ஒரு லட்சத்தைச் சில்லறையாகக் கொண்டுபோய்க் கொட்டும் காட்சியைச் செய்தியில் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். எதிரில் இருப்பவர் வாங்க மறுத்தால் சட்டம் அவர் பக்கம்தான். வங்கிக்கு மட்டும் இந்த வரம்பு தடையில்லை; தன் வாடிக்கையாளரிடம் எவ்வளவு நாணயத்தையும் அது வாங்கிக்கொள்ளலாம்.

தேடும் பழக்கம் தொற்றிக்கொண்டால் பிள்ளைகள் பையோடு நிற்க மாட்டார்கள். வயலிலும் வாய்க்காலிலும் குனிந்து பார்க்கத் தொடங்குவார்கள். நம் பகுதியில் அது வீண்வேலையும் அல்ல. ஒரு பக்கம் அரசன் நிற்க மறுபக்கம் அமர்ந்திருக்கும் ராஜராஜன் செப்புக் காசு சோழ நாட்டில் பரவலாகக் கிடைத்திருக்கிறது. 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் வசம் இருந்த தரங்கம்பாடியிலும் காசு அடித்திருக்கிறார்கள். ஆனால் மண்ணுக்குள் கிடைப்பதற்குச் சட்டம் வேறு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். பிள்ளை எதையாவது கொண்டுவந்தால் தேய்க்காமல், புளி போட்டுக் கழுவாமல், எந்த இடத்தில் எந்த நாளில் கிடைத்தது என்று எழுதி, தலைமையாசிரியர் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சேர்த்துவிடுங்கள். பளபளவென்று தேய்த்த காசில் எழுத்து போய்விடும்.

கடைசியாகத் திருப்பிக் கட்டுவது. வகுப்பு முடிந்ததும் நூறு இருக்கிறதா என்று இரண்டு குழு தனித்தனியாக எண்ணட்டும். பள்ளிக் காட்சிப் பலகைக்கு எடுத்துக்கொண்ட ஒவ்வொரு நினைவு நாணயத்துக்கும் பதிலாக ஒரு சாதாரண ஐந்து ரூபாயைப் போட்டுவிடுங்கள். நூறு நூறாகப் பையில் கட்டிக் கொண்டுபோனால் கிளையில் எளிதாக வாங்கிக்கொள்வார்கள். நூறு கொண்ட பைகள் இரு தரப்புக்கும் வசதி என்று ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலிலேயே இருக்கிறது. நாங்கள் வங்கிக்குக்கூடப் போகவில்லை. பள்ளிக்கு எதிரிலுள்ள தேநீர்க் கடைக்காரருக்குச் சில்லறைப் பஞ்சம். ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் அவரே ஒரு வள்ளுவர் ஐந்து ரூபாயை எடுத்து வைத்திருந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினார். அதற்குப் பதில் ஐந்து ரூபாயை மறக்காமல் வாங்கிக்கொண்டார்.